கொள்வதும் கொடுப்பதும்: லினக்ஸ் கணினியிற் கோப்புப் பகிர்வு மென்பொருளைத் தெரிதல்

கருவிக்குக் கொள்கை இல்லை என்பது நம்மிடையே பரவலாக வழங்கும் நம்பிக்கை. கத்தி பழம் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும். ஆதலின் குணமும் குற்றமும் கையில் உள்ளனவேயன்றிக் கத்தியில் உள்ளன அல்ல என்பர். கணினி மென்பொருள் பற்றிப் பேச்செழும்போதும் இவ்வாதமே எடுத்தாளப்படுகின்றது. லினக்ஸ் இயங்குதளத்தைத் தம் கணினியில் நிறுவிக்கொண்ட மாணவ நண்பர்களிடம், கோப்புகளைப் பெறுவதற்கு எம்மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வினவினால், ‘எது விரைவாக இறக்குகின்றதோ அது’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. வேறு சிலரோ விண்டோஸில் தமக்குப் பழகிப்போன மூடிய மென்பொருளையே ‘வைன்’ என்னும் இடைப்படையின் துணைகொண்டு லினக்ஸினுள்ளும் குடியேற்றி விடுகின்றனர். சிறையினின்றும் வெளிவந்தவன் பழக்கத்தின் காரணமாகப் பழைய விலங்கையும் கையோடு கொண்டு வந்தமை போன்றது இது.

விரைவு ஒன்றே அளவுகோல் என்னும் இக்கருத்துப் பிழையானது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கோப்புப் பகிர்வு மென்பொருளைத் தெரிவு செய்வது, யாரிடமிருந்து கொள்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், நமது கணினியின் அதிகாரம் யார் கையில் உள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கு விடையிறுப்பதாகும். இவற்றை எழுப்பாமலே தெரிவு செய்பவன் தெரிவு செய்யவில்லை. பிறர் செய்த தெரிவுக்கு ஆளாகின்றான்.

1. பங்கீட்டின் பொறிமுறை

கோப்பொன்றைச் சேவையகம் ஒன்றிலிருந்து நேரே பெறும் முறையில் கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் பலர். கொள்வோர் தொகை பெருகப் பெருகக் கொடுப்பவரின் சுமையும் பெருகும். பொருள்வளம் உடைய நிறுவனமே அச்சுமையைத் தாங்க வல்லது. ஆகவே, அறிவைப் பரப்பும் வாய்ப்பும் பொருள்வளம் உடையோரிடமே குவிகின்றது. 1999இல் தோன்றிய நப்ஸ்ரர், கோப்புகளைப் பயனாளரின் கணினிகளிலேயே விட்டுவைத்த போதிலும், அவற்றின் அட்டவணையைத் தன் நடுவகத்தில் வைத்திருந்தது. 2001இல் நீதிமன்ற ஆணையின் விளைவாக அந்நடுவகம் செயலற்றபோது வலையமைப்பு முழுவதுமே வீழ்ந்தது.

அதே 2001ஆம் ஆண்டில் பிறாம் கோகன் என்னும் அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிற்ரொறென்ற் நெறிமுறை இச்சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகிற்று. கோப்பு பல துண்டுகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒரு துண்டைப் பெற்றவர், ஏனையவற்றைப் பெற்றுக்கொண்டிருக்கும் வேளையிலேயே, தம்மிடமுள்ள துண்டைப் பிறருக்கு வழங்கத் தொடங்குகின்றார். எனவே, கொள்வோர் பெருகுமிடத்துக் கொடுப்போரும் பெருகுகின்றனர். நேர்முறையிற் சுமையாக இருந்த கூட்டம் இங்கே வலிமையாகின்றது.

இந்நெறிமுறையில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய கூறுகள் மூன்று. முதலாவது, கூட்டத்தில் மிக அரிதாக உள்ள துண்டையே முதலிற் பெறுதல் என்னும் விதி. அரியது அழிந்துவிடாது காப்பதே இதன் கருத்து. இரண்டாவது, கொடுப்பவருக்கே கொடுத்தல் என்னும் விதி. கோகன் 2003இல் வெளியிட்ட ஆய்வுரையின்படி, மென்பொருள் பத்து விநாடிக்கு ஒருமுறை தனக்கு நன்கு கொடுப்போரைக் கணித்து, அவர்களுக்கே தன் பங்கை வழங்குகின்றது. ஆயினும், முப்பது விநாடிக்கு ஒருமுறை இன்னார் என்றறியாத ஒருவருக்கும் வாய்ப்பளிக்கின்றது. புதிதாக வந்தவன் வெறுங்கையன். அவனிடம் கொடுப்பதற்கு ஏதுமில்லை. அவனுக்கும் முதற் பிடி கிடைக்க வேண்டும் என்னும் அறம் கணிதத்துள்ளேயே பொதிந்துள்ளது. மூன்றாவது, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பெற்ற ஹாஷ் என்னும் அடையாள எண் உண்டு. பெற்ற துண்டின் எண் பொருந்தாவிடின் அத்துண்டு தள்ளப்படும். ஏடு பெயர்த்தெழுதிய காலத்திலே ஒருவர் கைப்பிழை அடுத்தவர் ஏட்டிலும் புகுந்து பாடபேதமாகப் பெருகிற்று. அப்பிழைகளைக் களைவதற்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. இங்கோ முன்பின் அறியாதவர் தரும் துண்டும், வாங்கிய அக்கணமே சோதிக்கப்பட்டு விடுகின்றது.

இக்கூறுகளை நோக்குமிடத்து, இந்நெறிமுறை வெறும் போக்குவரத்துச் சாதனம் அன்று, கூட்டு முயற்சியின் ஒழுங்குவிதி என்பது புலனாகும். அவ்வொழுங்கை நம் சார்பில் நடைமுறைப்படுத்துவது நாம் தெரிந்தெடுக்கும் மென்பொருளே.

2. பொதுவுடைமை தனியுடைமையான கதை

கோகனின் முதல் மென்பொருள் பைதன் மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தது. 2005இல் லுட்விக் ஸ்றிகியஸ் என்னும் சுவீடன் நாட்டவர் மியூரொறென்ற் என்னும் மிகச் சிறிய மென்பொருளை விண்டோஸுக்காக எழுதினார். சிறுமையும் விரைவும் அதற்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தன. ஆனால் அதன் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. 2006இன் இறுதியிற் கோகனின் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2007இல் அந்நிறுவனம் தன் பெயர் தாங்கிய மென்பொருளின் ஆறாம் பதிப்பை மியூரொறென்ற்றின் அடிப்படையில் வெளியிட்டபோது, திறந்திருந்த நிரல் மூடிய நிரலாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தவை எவரும் எதிர்பார்த்திருக்கக் கூடியவையே. விளம்பரங்கள் புகுந்தன. 2015 மார்ச் மாதத்திலே, மியூரொறென்ற்றுடன் சேர்ந்து ‘எபிக் ஸ்கேல்’ என்னும் நாணயக் கணிப்பு மென்பொருள் தம் கணினியில் நிறுவப்பட்டதாகப் பயனாளர் பலர் முறையிட்டனர். பயனாளரின் இசைவின்றி நிறுவப்படவில்லை என நிறுவனம் மறுத்துரைத்தது. எனினும் பின்னர் அதனை நீக்கிற்று. 2018இல் நிறுவனம் ஜஸ்ரின் சன் என்பாரின் கைக்கு மாறியது. 2019இல் எண்ணிம நாணயமொன்று வெளியிடப்பட்டு, அந்நாணயத்தை அளிப்போர் கூடிய விரைவு பெறுவதற்கான ஏற்பாடும் செய்யப்பட்டது.

இவ்விறுதி ஏற்பாட்டை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கொடுப்பவனுக்குக் கொடுத்தல் என்னும் உறவை, காசுள்ளவனுக்குக் கொடுத்தல் என்னும் உறவாக மாற்ற முற்பட்ட செயல் இது. ஊரார் கூடி வெட்டிய குளத்திலே நீருக்கு விலைப்பட்டியல் தொங்கவிட்டமைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கருவிக்குக் கொள்கை இல்லை என்போர் இவ்வரலாற்றை விளக்கிக் கூறட்டும். நெறிமுறை மாறவில்லை, கோப்புகள் மாறவில்லை, பயனாளரும் மாறவில்லை. மாறியது மென்பொருளின் உடைமை ஒன்றே. அது மாறவே யாவும் மாறின.

3. ‘கள்வர் கருவி’ என்னும் பழி

மறுபுறத்தே, ரொறென்ற் என்ற சொல்லைச் செவியுற்ற மாத்திரத்தே களவு என்று முகஞ்சுளிப்போரும் உளர். இவ்வலையமைப்பின் வழியே பிறர் உரிமை பெருமளவு மீறப்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. அதனை நியாயப்படுத்துவதும் என் நோக்கமன்று. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமைக்குக் காப்பளிக்கின்றது. கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை அச்சட்டம் ஏற்கின்றது. ஆனால், ஒரு திரைப்படத்தை முழுமையாகப் பெற்று உலகுக்கெல்லாம் வழங்குவது அதனுள் அடங்காது. அன்றியும், இவ்வலையமைப்பில் இணைந்தவரின் இணைய முகவரி கூட்டத்திலுள்ள ஏனையோருக்கு வெளிப்படையாகவே தெரியும். மறைவிற் செய்கிறோம் என எண்ணிக்கொள்வது பேதைமை.

ஆயினும், தவறாளர் பயன்படுத்துகின்றனர் என்பதற்காகக் கருவியையே தள்ளுவதாயின், அஞ்சலையும் அச்சியந்திரத்தையும் அன்றே தள்ளியிருத்தல் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் தம் நிறுவற் கோப்புகளை இம்முறையில் வழங்குகின்றன. லிபர் ஒபிஸ் அலுவலக மென்பொருளையும் இவ்வழியிற் பெறலாம். இன்ரர்நெற் ஆர்க்கைவ் என்னும் எண்ணிம ஆவணக் காப்பகம் 2012 முதல் தன்னிடமுள்ள பெருந்தொகையான நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் ரொறென்ற்றாகவும் அளித்து வருகின்றது. இவற்றையெல்லாம் ஒரே பழிச்சொல்லால் மூடிவிடுவோர், களவை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டு பகிர்வையே எதிர்க்கின்றனர்.

4. எதைத் தெரிவது?

இனித் தெரிவுக்கு வருவோம். லினக்ஸ் பயனாளருக்கு மென்பொருட் பஞ்சம் இல்லை. பெருக்கமே இடர் விளைக்கின்றது. ஆகவே அளவுகோல்களை முதலில் வகுத்துக்கொள்ளல் தகும். மூலநிரல் திறந்திருத்தல் வேண்டும். நாம் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்தில் அது இடம்பெற்றிருத்தல் வேண்டும். விளம்பரமோ வேண்டாத இணைப்போ இருத்தலாகாது. பெறும் விரைவையும் கொடுக்கும் விரைவையும் தனித்தனியே வரையறுக்கும் வசதி வேண்டும். இறுதியாக, கொடுப்பதற்கு இடையூறாக அன்றித் துணையாக அது அமைதல் வேண்டும்.

இவ்வளவுகோல்களின்படி நோக்குமிடத்து முன்னிற்பவை இரண்டு. ஒன்று 2005இல் தோன்றிய ட்ரான்ஸ்மிஷன். உபுண்டு 2008இல் தன் 8.04ஆம் பதிப்பிலே இதனை இயல்பான மென்பொருளாக ஏற்றுக்கொண்டது. நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினியே கைவசமுள்ள மாணவருக்கு இதனினும் பொருத்தமானது அரிது. சாளரம் ஏதுமின்றிப் பின்னணியில் இயங்கும் வடிவமும் இதற்குண்டு. மற்றையது கியூபிற்ரொறென்ற். பிரான்சின் பெல்போர்–மொன்பெலியார் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரோப் டுமே 2006இல் இதனைத் தொடங்கினார். மியூரொறென்ற்றின் தோற்றத்துக்குப் பழகியவர்கள் இதனிடத்து அந்நியத்தை உணரார். ஆதலின், ‘வைன்’ வழியே மூடிய மென்பொருளை இழுத்துவருவதற்கு அவர்கள் கூறும் ஒரே காரணமும் இங்கே அற்றுப்போகின்றது. கோப்பினுட் கோப்பாகத் தெரிந்தெடுத்தல், நேரத்துக்கேற்ப விரைவை மாற்றல், குறித்த ஒரு வலையமைப்பு வழியே மட்டும் இயங்குமாறு கட்டுப்படுத்தல் ஆகியன இதன் சிறப்புகள்.

ஏனையவற்றுக்கும் உரிய இடமுண்டு. பொதுக் கணினி ஒன்றை ஓரிடத்தில் இயங்கவிட்டுப் பலர் தத்தம் கணினியிலிருந்து ஆள விரும்பின் டெலூஜ் ஏற்றது. கேடீஈ சூழலில் வாழ்வோருக்குக் கேரொறென்ற் இயல்பாக அமையும். கட்டளைவரியில் தேர்ந்தோர் ஆர்ரொறென்ற்றையோ ஏரியா2ஐயோ கொள்ளலாம். பின்னது சாதாரண இணைப்புகளையும் ரொறென்ற்றையும் ஒருங்கே கையாள வல்லது.

என் முடிவு இதுவே: ஐயமுள்ளவர் ட்ரான்ஸ்மிஷனிற் தொடங்குக, அது போதாதென உணர்ந்த அன்று கியூபிற்ரொறென்ற்றுக்கு மாறுக, மூடியதை எந்நிலையிலும் நாடற்க.

5. இரு தடைகளும் விடைகளும்

இதற்கு எழக்கூடிய தடைகளை மறைத்தல் நேர்மையன்று. திறந்த நிரலிலும் கேடு விளைந்ததுண்டு என்பது முதலாவது தடை. உண்மையே. 2016 மார்ச் மாதத்தில் ட்ரான்ஸ்மிஷனின் இணையத்தளத்தில் இருந்த மக் கணினிக்கான நிறுவற் கோப்பில் அயலார் புகுந்து, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ‘கீறேஞ்சர்’ என்னும் தீநிரலைச் சேர்த்தனர். கியூபிற்ரொறென்ற்றிலோ, சில பாதுகாப்பான இணைப்புகளின் சான்றிதழைச் சரிபார்க்காது விடும் குறை 2010 முதல் இருந்து, 2024 ஒக்ரோபரில் வெளிவந்த 5.0.1ஆம் பதிப்பிலேயே திருத்தப்பட்டது. பதினான்கு ஆண்டுகள்! திறந்திருத்தல் ஒன்றே காப்பளிக்கும் என மார்தட்டுவோர் நாணவேண்டிய செய்தி இது.

ஆனால் இவற்றிலிருந்து பெறவேண்டிய பாடம் யாது? முதல் நிகழ்ச்சி, மென்பொருளைக் கண்ட இணையத்தளத்திலிருந்து பெறாது, லினக்ஸ் வழங்கல் தன் ஒப்பமிட்டு வைத்துள்ள களஞ்சியத்திலிருந்தே பெறுக என்கின்றது. இரண்டாம் நிகழ்ச்சி, திறந்த ஏட்டையும் படிப்பார் இருந்தாலன்றிப் பிழை வெளிவராது என்கின்றது. ஏடு திறந்திருந்தமையால் அப்பிழையின் வயதைக்கூட நாம் கணிக்க முடிந்தது. மூடிய ஏட்டின் பிழைகளுக்கு வயதெண்ணிச் சொல்வார் யார்?

கலைப்பீட மாணவருக்கு மூலநிரலால் ஆவதென்ன, அவர் அதைப் படிக்கப் போவதில்லையே என்பது இரண்டாவது தடை. நம்மில் எத்தனை பேர் கல்வெட்டைக் கல்லிலே படித்தோம்? மைப்படியும் மூலமும் பிறர் சோதிப்பதற்குத் திறந்திருக்கின்றன என்னும் உறுதியினாலன்றோ வரலாற்றாசிரியர் கூற்றை ஏற்கின்றோம்! யாவரும் படித்தல் வேண்டும் என்பதன்று, யாரும் படிக்கத் தடையில்லை என்பதே அறிவுலகின் அடிப்படை. தம் சான்றுகளைக் காட்ட மறுக்கும் ஆய்வாளனைக் கருத்தரங்கிலே எள்ளி நகையாடும் நாம், தன் நிரலைக் காட்ட மறுக்கும் மென்பொருளை மட்டும் வாய்பேசாது ஏற்பது எந்த ஆய்வு நெறி?

6. அட்டைகளும் விதைப்போரும்

தக்க மென்பொருளைத் தெரிந்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததும் மென்பொருளை மூடிவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. வலையமைப்பு மொழியில் இத்தகையோரை அட்டை என்றே அழைப்பர். மலைநாட்டு மழைக்காலத்தை அறிந்தவருக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. குடித்து முடித்ததும் கழன்று விழுவதே அட்டையின் இயல்பு. பெற்ற பின்னும் கொடுத்துக்கொண்டிருப்போரை விதைப்போர் என்பர். பெற்ற அளவாவது திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பது இவ்வுலகின் எழுதாச் சட்டம். ஏரியா2 வேறு கட்டளை இல்லாவிடின் அவ்வளவு கொடுத்த பின்னரே ஓய்கின்றது. கருவிக்குள்ள நாணம் அதனைக் கையாளும் மனிதனுக்கு இல்லாமற் போகலாமா?

அளவிட்ட தரவுப் பொதியை நம்பி வாழும் நாம் எவ்வாறு கொடுப்பது என்று வினவலாம். நியாயமான வினாவே. இதற்கும் தக்க மென்பொருளே விடை தருகின்றது. கொடுக்கும் விரைவைக் குறைத்து வைக்கலாம். கட்டணம் குறைந்த இரவு நேரத்துக்கு ஒதுக்கலாம். இவற்றினும் சிறந்த வழி ஒன்றுண்டு. ஒரே வலையமைப்பிலுள்ள கணினிகள் ஒன்றையொன்று தாமே கண்டறியும் வசதி ட்ரான்ஸ்மிஷன், கியூபிற்ரொறென்ற், டெலூஜ் ஆகிய மூன்றிலும் உண்டு; முடக்கப்பட்டிருந்தால் அமைப்பிற் சென்று இயக்கிக்கொள்ளலாம். உபுண்டு 24.04இன் நிறுவற் கோப்பு ஏறத்தாழ 6 கிகாபைற். விடுதியொன்றில் இருபது மாணவர் அதனைத் தனித்தனியே வெளியிலிருந்து இறக்கின் 120 கிகாபைற் செலவாகும். உள்வலையமைப்பு கணினிகளைப் பிரித்து வைக்காதவிடத்து, அவ்விருபதின்மரும் ஒரே வேளையில் இம்முறையிற் கூடிப் பெறின், வெளியிலிருந்து வரவேண்டியதன் பெரும்பகுதி ஒருமுறை வந்தாலே போதும். எஞ்சியது அறைக்கு அறை கைமாறும். 2022இன் நெருக்கடியின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையிலும், பெற்று முடித்த துண்டுகள் வீணாகா. மின்சாரம் மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரொறென்ற் என்ற பெயரைக் கண்டதுமே வலையமைப்பில் முற்றாகத் தடுத்துவிடும் நிர்வாகங்கள் இவ்வுண்மையைச் சிந்தித்தல் நன்று. சுமையைக் குறைக்கும் வழியையே சுமையெனக் கருதி அடைத்துவிடுகின்றன அவை.

7. முடிவுரை

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. வேறு படி இருந்த நூல்களை மீண்டும் தேடிக் கொள்ள முடிந்தது. படியே இல்லாதவை என்றென்றைக்குமாக மறைந்தன. ஓரிடத்திற் குவிந்த அறிவை ஒரு தீக்குச்சி அழிக்கும். நூறு கையிற் பரந்த அறிவை எந்தத் தீயும் அழிக்காது. அரியதை முதலிற் பெறு, பெற்றதைப் பிறர்க்குக் கொடு, கொடுப்பதைச் சோதித்துக் கொடு என்னும் நெறிமுறையின் பொருள் இம்மண்ணில் வாழ்வோருக்குப் பிறரினும் தெளிவாக விளங்குதல் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். நமது சங்கத்தின் பழைய ஆண்டுமலர்களை, எழுதியோரினதும் அவர்தம் உரித்தாளரினதும் இசைவு பெற்று, எண்ணிமப் படிகளாக்கி, ரொறென்ற்றாக வெளியிடுவோம். சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் ஒரு படியை வைத்து விதைப்போம். அதற்கு வேண்டுவது பெருநிதியன்று, பெருஞ்சேவையகமுமன்று. திறந்த மென்பொருள் ஒன்றும், பெற்றதும் மூடிவிடாத மனமுமே. மென்பொருளை இன்றே நிறுவிக்கொள்ளலாம். மனத்தை நிறுவித் தரும் களஞ்சியம் எதுவும் இல்லை. அதனை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.